உங்கள் ஓட்டன் பெயர் என்ன?

மாதத்துக்கு ஒரு முறையாவது வாட்ஸப்பில் எனக்கு அந்தச் செய்தி வந்துவிடுகிறது. நாம், தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என்று ஏழு தலைமுறைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் ஒரே மொழி தமிழ்தானாம். பரனும் பரையும் சேர்ந்துதான் பரம்பரை ஆச்சாம். கீழே கைகூப்பும் படம், பத்துப் பேருக்கு அனுப்பு என்ற கட்டளை. பரம்பரை என்பது வடசொல் என்று பதில் போட்டால் சண்டை வரும். அதனால் நான் வேறொன்று கேட்கிறேன்: சொல்லு இருக்கட்டும் அண்ணே, உங்க ஓட்டன் பேரு இன்னா?

இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன், தெரியாது. அப்பா, தாத்தா, தாத்தாவுக்கு அப்பா. பூட்டனோடு என் வண்டி நின்றுவிடுகிறது. அந்தப் பூட்டன் பெயரும் யாரும் மடியில் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததல்ல. முக்கால் ஏக்கர் புஞ்சையின் பழைய பத்திரத்தில், 'இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருக்கிறது. நிலம் இருந்ததால் பெயர் இருக்கிறது. பெண்கள் பக்கம் திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். என் பாட்டியின் அம்மா பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அத்தை ஒருத்தி, "கெய்வின்னுதான் கூப்புடுவாங்க" என்றாள். கிழவி. அவ்வளவுதான் மிச்சம்.

இந்தக் கட்டுரை பரம்பரை தேடுவதைப் பற்றியது. தேடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எதைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறோம், அந்தக் காகிதத்தை யார் எழுதினான், எதுக்கு எழுதினான் என்று கேட்காமல் தேடுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அதில் என் மேல் உள்ள கோபமும் உண்டு, அது பின்னால் வரும்.

*

நான் அடி அண்ணாமலைக்காரன். கிரிவலம் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் பாதையில் ஒரு கோயில், ஒரு டீக்கடை, கால் வலிக்க ஆரம்பிக்கிற இடம். 14 கிலோமீட்டர் பாதையில் மலைக்குப் பின்பக்கம் இருக்கிறோம். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் இங்கே தங்கித் திருவெம்பாவை பாடினார் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அவருக்கும் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து பங்குனி வெயில் ஏறும்வரை வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் இங்கே வாடகைக்கு இருப்பார்கள். அவர்களுக்கு வீடு பார்த்துத் தருவது, ஆட்டோ பேசித் தருவது, தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்வது, இதுதான் என் பிழைப்பு.

சில வருடங்களுக்கு முன் ஓர் அமெரிக்கப் பாட்டி வந்திருந்தார். மாசாசூசெட்ஸ்காரர். காலையில் தியானம், மதியத்துக்கு மேல் மடிக்கணினியில் தன் குடும்ப மரம். 1630களில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் போய் இறங்கின ஒரு தச்சனிலிருந்து தொடங்கி அவர் பேத்தி வரைக்கும் 13 தலைமுறை. பெயர், பிறந்த தேதி, கல்யாணம் நடந்த சர்ச், புதைத்த இடம், எல்லாம். எனக்கு வாய் பிளந்துவிட்டது. நமக்கு ஏழு சொல் இருக்கிறது, பெயர் இல்லை. அவர்களுக்குச் சொல்லே கிடையாது, 'கிரேட் கிரேட் கிரேட்' என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள், ஆனால் பெயர் இருக்கிறது.

எப்படி என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார், பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1639லேயே பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் எழுத்தர். அதோடு சர்ச் பதிவேடு, உயில், நிலப் பத்திரம். 1845ல் பாஸ்டனில் இதற்கென்றே ஒரு வம்சாவளிச் சங்கம் தொடங்கினார்கள். 1890ல் அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் சங்கம். 1897ல் மேஃப்ளவர் கப்பல் வாரிசுகளுக்கு ஒரு சங்கம். 1620ல் வந்த அந்தக் கப்பலில் இருந்தது 102 பயணிகள், அதில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிஞ்சினவர்களின் வாரிசு நான் என்று சேர வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் காட்ட வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனால் உள்ளே விட மாட்டார்கள்.

ஒருநாள் பாட்டி தன் முன்னோர் ஒருவரின் உயிலைத் திரையில் காட்டினார். சொத்துப் பட்டியல். கட்டில், இரும்புச் சட்டி, ஒரு பசு, ஒரு கறுப்பினப் பெண். அந்த வரிசையிலேயே. பசுவுக்கும் விலை, அவளுக்கும் விலை. "இவங்க பேரு?" என்றேன். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலை" என்றார். அவர் நல்ல மனுஷி. வெட்கப்பட்டார். ஆனால் அவர் கணினியில் இருந்த அந்த மரத்தில் வெட்கத்துக்கென்று கட்டம் கிடையாது.

*

இது ஏதோ ஒரு குடும்பத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். காலனிய அமெரிக்காவின் வம்சாவளிகள் எந்தக் காகிதத்தின் மேல் நிற்கின்றனவோ, அந்தக் காகிதத்தின் வேலையே சொத்தைக் கணக்குப் பண்ணுவது.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆள் கொண்டுவருகிறவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். 1635ல் ஜார்ஜ் மெனிஃபீ என்ற வியாபாரி 24 பேரைக் கொண்டுவந்ததற்காக 1,200 ஏக்கர் வாங்கினார். அந்த 24 பேர் பட்டியலில் ஒருவர் பெயர் 'டோனி, கிழக்கிந்தியன்'. வட அமெரிக்கக் குடியேற்றங்களின் ஆவணங்களில் தெரிய வருகிற முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். அவருக்கு அப்பா யார், ஊர் எது, டோனி என்று பேர் வைத்தது யார், எதுவும் இல்லை. 50 ஏக்கர், அவ்வளவுதான். அந்த நிலம் வாங்கினவனுக்கு வம்சாவளி உண்டு. டோனிக்கு ஒரு வரி.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கில் தென் மாநில அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். முதலாளி பெயர் மேலே, கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் பெரும்பாலும் கிடையாது. 1870 கணக்கில்தான் கறுப்பின மக்கள் எல்லாரும் பெயரோடு வருகிறார்கள். அதனால் அவர்களில் வேர் தேடுகிறவர்கள் 1870 வரைக்கும் போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்ட ஒரே வழி, தங்கள் மூதாதையை வைத்திருந்த முதலாளியின் உயிலையும் கணக்குப் புத்தகத்தையும் தேடுவது. அதாவது அடித்தவன் டைரியில் தன் பாட்டியைத் தேடுவது.

காகிதம் இல்லாவிட்டாலும் ரத்தம் பேசுமே என்பீர்கள். பேசினது. தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவர் அடிமையாக வைத்திருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் பிறந்தன என்று அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. 1998ல் மரபணுச் சோதனை அதற்கு வலுச் சேர்த்தது. ஆனாலும் 2002ல் ஜெஃபர்சன் வாரிசுகளின் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தி, ஹெமிங்ஸ் வழியினரைத் தங்கள் கூட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்று முடிவு பண்ணியது. அங்கே இருந்தது ஒரு குடும்ப இடுகாடு. யார் உறவு என்பதை ரத்தம் முடிவு செய்யவில்லை. ஏற்கனவே உள்ளே இருந்தவன் கைதூக்கி முடிவு செய்தான்.

இதைப் படிக்கும்போது நமக்கும் இதற்கும் என்ன என்று தோன்றினால், எலிஹு யேலை நினைத்துக்கொள்ளுங்கள். 1649ல் பாஸ்டனில் பிறந்தவர், 1687லிருந்து 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னர். அவர் காலத்தில் அந்தக் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள். அவர் 1718ல் அனுப்பிவைத்த துணி மூட்டைகளுக்கும் புத்தகங்களுக்கும் நன்றியாகத்தான் கனெக்டிகட் கல்லூரி ஒன்று யேல் என்று பெயர் வைத்துக்கொண்டது. யேல் தன் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருக்கும் ஓவியம் ஒன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். கழுத்தில் பூட்டுப் போட்ட உலோகப் பட்டை. உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று ஆய்வு செய்து பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பையனையும் தேடினார்கள். பெயர் கிடைக்கவில்லை.

*

அமெரிக்கப் பாட்டி போன அடுத்த வருஷம் டர்பனிலிருந்து ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், 60 தாண்டினவர், பார்க்க எங்கள் பெரியப்பா மாதிரி. தமிழ் பேச வராது. ஆனால் 'அம்மா', 'தண்ணி', 'போதும்' மூன்றும் சுத்தமாகச் சொல்வார். கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள்.

அது நேட்டால் கப்பல் பட்டியலின் நகல். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து போய் டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழும் தெலுங்கும் பேசினவர்கள். வட ஆற்காடும் தென் ஆற்காடும் செங்கல்பட்டும் ஆள் அள்ளிக் கொடுத்த ஜில்லாக்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தை எப்படி வாரிக்கொண்டு போனது என்பது எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் கதையாக இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிறகு பெயர், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். டர்பன்காரரின் மூதாதைக்கு இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அவர் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "எங்க குடும்பத்துல அவரைப் பத்தித் தெரிஞ்சது இது மட்டும்தான்" என்றார். தழும்பை எழுதினது பாசத்தில் இல்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்கு. ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: நிலம் இல்லாதவனை நம் ஊர்ப் பட்டாவோ, செட்டில்மெண்ட் பதிவேடோ, கோயில் கல்வெட்டோ அப்பன் பெயரோடு எழுதிவைக்கவில்லை. அவனை முதல்முதலாக அப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதினது அவனை விற்கிற கணக்குதான். மாசாசூசெட்ஸ் உயிலில் பசுவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் இவருக்கும் இருக்கிற தூரம், ஒரு பெயர்.

தாளில் ஜில்லா தென் ஆற்காடு என்று இருந்ததால் அவர் முதலில் கடலூரில் நான்கு நாள் அலைந்திருக்கிறார். பாவம். திருவண்ணாமலைத் தாலுகா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென் ஆற்காட்டில்தான் இருந்தது. பிறகு வட ஆற்காட்டுக்குப் போய், 1989ல் தனி மாவட்டம் ஆனது. வெள்ளைக்காரன் எழுதின ஊர்ப் பெயரை உரக்கப் படித்துப் படித்து, கடைசியில் எந்த ஊர் என்று நான்தான் கண்டுபிடித்தேன். பைக்கில் முக்கால் மணி நேரம். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

மாரியம்மன் கோயில் திண்ணையில் நாலு பெரியவர்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னா ஆளுங்க?" தாளைப் பார்த்தேன். சாதிக் கட்டத்தில் 'பறையர்' என்பதை இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் சொல்வதற்குள் அவரே, "கப்பல் ஏறினவங்க எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுங்கதான்" என்று மோவாயால் கிழக்கே காட்டினார். காலனி இருக்கிற திசை. கையைக்கூட தூக்கவில்லை.

டர்பன்காரர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

அவர் கடைசிப் பெயர் பட்டம் போல இருக்கும் ஒரு பெயர். தங்கள் குடும்பம் பெரிய விவசாயக் குடும்பம் என்று அவர் வழியில் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். சாதிக் கட்டத்தில் இருந்த சொல்லை வேறு ஏதோ பிரிவு என்று நினைத்திருந்தார் போல. இரண்டு நொடி யோசித்தேன். "யாருக்கும் ஞாபகம் இல்லைன்னு சொல்றாரு" என்று மொழிபெயர்த்தேன்.

அவர் கோயிலுக்கு 500 ரூபாய் கொடுத்தார். கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மேற்கே திரும்பி வந்துவிட்டோம். காலனிக்குப் போகவே இல்லை.

நான் ஊர்த்தெருக்காரன். அதுக்கு மேல் என் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையைப் பகிரும்போது யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள், நம்மவர்களுக்கு அதில் திறமை உண்டு. அவர் மனசு கஷ்டப்படுமே என்றுதான் பொய் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றினேன். உண்மை அதுவல்ல. அந்தச் சொல் ஓர் அவமானம் என்று நான் நம்பினேன். அதுதான் அந்த மொழிபெயர்ப்பு. மோவாயால் காட்டின பெரியவருக்கும் எனக்கும் வித்தியாசம், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது மட்டும்தான்.

*

நம் பக்கத்து வம்சாவளி வியாபாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு வரலாற்றுப் புத்தகம், ஒரு யூடியூப் சேனல், கல்யாண மண்டப வாசலில் ஆளுயர பேனர். எல்லாரும் ஆண்ட பரம்பரை. ஆளப்பட்ட பரம்பரை ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு பேரும் ஆண்டிருந்தால் ஏர் ஓட்டினது யார், நாற்று நட்டது யார், ஏரி வெட்டினது யார்? பூட்டன் பெயர் தெரியாதவன் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவை நேரடியாகத் தாத்தாவாக்கிக்கொள்கிறான். மேஃப்ளவர் சங்கத்துக்காரனாவது தலைமுறைக்கு ஒரு காகிதம் கேட்கிறான். நம் ஆள்களுக்கு ஒரு ஃபோட்டோஷாப் போதும்.

எனக்குத் தெரிந்து தமிழ்நாடு பரம்பரை விஷயத்தில் செய்த பெரிய காரியம் ஒன்றுதான். அது பரம்பரையை அறுத்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடின சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. வெறும் தீர்மானம் என்று போகாமல் ஊர் அதை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் நமக்கு இன்றைக்குக் குடும்பப் பெயர் இல்லை, இன்ஷியல் இருக்கிறது. பாஸ்போர்ட் ஆபீஸில் நமக்கு வரும் தொல்லைக்கெல்லாம் அதுதான் காரணம். அந்தத் தொல்லையை நான் சந்தோஷமாகப் படுவேன். கடைசிப் பெயரைப் பிடித்து மேலே ஏறி ஏழு தலைமுறை காண்பது எளிது என்றால், கடைசிப் பெயரைப் பார்த்து வீடு கொடுக்க மாட்டேன் என்று சொல்வதும் எளிது.

வேடிக்கை என்னவென்றால், நாம் இங்கே அறுத்ததைக் கடல் தாண்டினவர்களுக்கு வெள்ளைக்காரக் குமாஸ்தா முடிச்சுப் போட்டுவிட்டான். தென் ஆப்பிரிக்காவில் மூட்லி, பிள்ளே, கவெண்டர், படயாச்சி, நாயக்கர் எல்லாம் குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. டிப்போவில் பெயர் மாற்றினவர்கள் உண்டு. கரை இறங்கிய பிறகு பட்டம் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. வைத்துக்கொண்டால் என்ன? சாதியை விட்டு ஓட ஒரு கப்பல் கிடைத்தது, ஓடினார்கள். அதை மோசடி என்று சொல்கிறவன் முதலில் தன் பேனரைக் கழற்றட்டும்.

*

பரம்பரை வெறும் பெருமைப் பேச்சாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அதை வைத்து ஆளைத் துரத்தியிருக்கிறார்கள்.

1948ல் இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். இங்கே வந்தவர்களை நாம் 'சிலோன்காரன்' என்றோம். வாட்ஸப்பில் இனிக்கிற பாட்டன், பூட்டன் என்ற சொற்கள் சட்டப் புத்தகத்தில் போய் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று பாருங்கள்.

இப்போது கதவு வேறு பக்கம் திறக்கிறது. வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்குப் பொது விதி கொள்ளுப்பேரன் வரைக்கும்தான். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024ல் சொன்னார்கள். டிரினிடாட்டுக்கு ஆறாம் தலைமுறை என்று 2025ல். நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனால் அதற்கும் கேட்பது அதே தாளைத்தான். மொரீஷியஸில் அந்தப் பழைய பதிவுகளை மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் புகைப்படங்களோடு பாதுகாக்கிறது. கூலிகள் இறங்கின படிக்கட்டை 2006ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கிவிட்டார்கள். நேட்டால் பட்டியலைத் தென் ஆப்பிரிக்கர்கள் கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஆள் போன இடமெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது. ஆள் அனுப்பின நாம் என்ன வைத்திருக்கிறோம்? எந்தத் தாலுகா, எந்த ஊரிலிருந்து, யார் போனார்கள் என்று தமிழில் ஊர்வாரியாக ஒரு பட்டியல் போட நமக்கு மனசு வரவில்லை. அயலகத் தமிழர் விழாவுக்கு மேடை போடுகிறோம். மேடைக்கு ஆகிற செலவில் நாலு தாலுகாவுக்குப் பட்டியல் போடலாம்.

அப்போ சாதிக் கட்டத்தை மறைத்துவிட்டுப் பட்டியல் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வந்தவர்கள் விட்டுப்போன சாதியை நாம் ஏன் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வாதம். நல்ல மனசுதான். நானும் அந்த நல்ல மனசோடுதான் பொய் சொன்னேன். மறைத்தால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். வந்தவர் ஊர்த்தெருக் கோயிலுக்கு 500 ரூபாய் கொடுத்துவிட்டுப் போவார். கிழக்கே 300 மீட்டரில் இருக்கிற அவருடைய சொந்தச் சனம், டர்பனில் தங்களுக்கு ஓர் உறவு இருக்கிறது என்று தெரியாமலே இருக்கும். எந்த ஊர் துரத்தியதோ அந்த ஊரே உறவாகவும் ஆகிவிடும். முழுத் தாளையும் படித்துக் காட்டுவதுதான் மரியாதை. அந்தச் சொல்லில் அவமானம் இருந்தால் அது எழுதப்பட்டவனுக்கு இல்லை. மோவாயால் காட்டுகிறவனுக்கு.

*

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை என்பது இங்கத்துக் கதை. சாமியே குழந்தையாக வந்தாராம், நானே உனக்குப் பிள்ளை, நானே கொள்ளி வைப்பேன் என்றாராம். வரலாறு வேறு சொல்லலாம், விடுங்கள். இன்றைக்கும் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் அருணாசலேஸ்வரர் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். சின்ன வயசில் அதைப் பார்த்துவிட்டு எங்க தாத்தாவைக் கேட்டேன், சாமிக்கு அந்த ராஜா சொந்தமா என்று. "வாக்குக் குடுத்துட்டாருல்ல, அப்புறம் சொந்தந்தான்" என்றார். ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வருஷா வருஷம் போய்ச் செய்கிறார், அதனால் பிள்ளை.

ராஜாவுக்கு என்றால் சாமியே வருகிறார், கப்பல் ஏறின கூலிக்கு நாம் வரக் கூடாதா?

போன தையில் நான் மட்டும் அந்த ஊருக்குப் போனேன். இந்த முறை நேராகக் கிழக்கே. வேப்பமரத்தடியில் ஓர் அம்மா, எண்பது இருக்கும். தாளின் நகலைப் படித்துக் காட்டினேன், சாதி, தழும்பு எல்லாம் சேர்த்து. அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. "எங்க மாமியாரு சொல்லும்பா. பஞ்சத்துல நம்ம சனம் கொஞ்சம் கரும்பு வெட்டப் போச்சாம். காசு சேத்துக்கினு வந்துடுறோம்னு சொல்லிட்டுப் போனாங்களாம்" என்றார். பிறகு ரொம்ப இயல்பாக, "வந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி டர்பனுக்கு மெயில் எழுதினேன். பெரியவர் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, சாதிக் கட்டத்தில் இருப்பது என்ன, ஏன் மறைத்தேன், எல்லாம். மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது. கோபப்படவில்லை. தன் அம்மாவுக்கு இது தெரியும் என்று நினைப்பதாகவும், சின்ன வயதில் ஒரு தடவை கேட்டதற்கு அம்மா பேச்சை மாற்றிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அந்த மரத்தடி அம்மா வீட்டில் யாரிடமாவது போன் இருக்கிறதா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

பேரனிடம் இருந்தது. கேட்டுவிட்டு அனுப்பினேன்.